ஓய்ஸ்ட்ராக்கின் இரண்டு ‘மூவர் கன்செர்ட்டோ’ பதிவுகள்: என் காதில் கோளாறா?

கேள்வி: கித்தாக்காட்டு வயலின் (சுங்கை சிப்புட்)

அனைவருக்கும் வணக்கம். மேற்கத்தியச் செவ்விசையைப் பற்றி இங்கே நான் கேட்பது இதுவே முதல் முறை. ஆகையால் என் நிலையைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் என் பெரியப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தார். அங்கிருந்த கடைசி வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பியபோது, கூடவே எடுத்துச் செல்ல மனமில்லாமல் ஒரு பெட்டி இசைத்தட்டுகளையும் அவற்றைச் சுழற்றும் கருவியையும் பெரியப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். பெரியப்பா அவற்றை அதிகம் கேட்டதாக எனக்கு நினைவில்லை; ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் வீட்டைத் துப்புரவு செய்யும்போது, தட்டுகளின் உறைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து நிமிர்த்தி அடுக்கிவைப்பார். அவர் காலமான பின் பெட்டி என் வீட்டுக்கு வந்தது. நான் மாரியம்மன் கோவில் வகுப்பில் ஒன்பது ஆண்டுகள் கர்நாடக வயலின் கற்றவன். பஜனைக்கும் திருமணக் கச்சேரிக்கும் பக்கவாத்தியம் வாசிக்கிறேன். மேற்கத்திய முறையில் ஒரு பாடமும் படித்ததில்லை.

பெட்டியில் பீத்தோவனின் ‘மூவர் கன்செர்ட்டோ’, அதாவது வயலின், செல்லோ (தரையில் ஊன்றி வாசிக்கும், தாழ்ந்த குரல் கொண்ட பெரிய வில்வாத்தியம்), பியானோ மூன்றும் இசைக்குழுவுக்கு முன்னால் இருந்து வாசிக்கும் ஓபஸ் 56 (ஓபஸ் என்பது படைப்பின் வரிசை எண்), இரண்டு வெவ்வேறு பதிவுகளாக இருக்கிறது. இரண்டிலும் வயலின் சோவியத் நாட்டு வயலின் மேதை டேவிட் ஓய்ஸ்ட்ராக். ஒன்று 1969இல் பெர்லினில் பதிவானது. ரஸ்ட்ரபோவிச் செல்லோ, ரிக்டர் பியானோ, இசைக்குழுவை நடத்தியவர் கராயன். அதன் உறையில் நால்வரும் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். மற்றது 1958இல் லண்டனில் பதிவானது. க்னுஷெவிட்ஸ்கி செல்லோ, ஓபோரின் பியானோ, நடத்தியவர் மால்கம் சார்ஜென்ட். முதல் தட்டின் நான்கு பெயர்களையும் நான் முன்பே கேள்விப்பட்டிருந்தேன். இரண்டாவதில் ஓய்ஸ்ட்ராக்கைத் தவிர வேறு யாரையும் அறியேன். எனவே முதலாவதே உயர்ந்தது என்று முடிவுகட்டிக்கொண்டுதான் கேட்க உட்கார்ந்தேன். மூன்று இரவுகள் மாற்றி மாற்றிக் கேட்ட பிறகும், என்னைப் பிடித்து உட்காரவைப்பது 1958ஆம் ஆண்டுத் தட்டுதான். 1969ஆம் ஆண்டுத் தட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியே மிக நன்றாக வாசிக்கிறார்கள் என்பது தெரிகிறது. ஆனால் ஒரே பந்தலில் மூன்று கச்சேரிகள் நடப்பதுபோல் எனக்குத் தோன்றுகிறது.

என் காதுதான் பழகவில்லையா? ஒரே வயலின்காரர் இரண்டு தட்டுகளில் இத்தனை வேறுபட்டு ஒலிப்பது ஏன்? ஓய்ஸ்ட்ராக் பிறரோடு சேர்ந்து வாசித்த பதிவுகளில் அடுத்து எதைக் கேட்கலாம்? தனி ஆளாக நின்று வாசித்த பெரிய கன்செர்ட்டோக்களைப் பற்றி இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கிறது. நான் கேட்பது மற்றவற்றைப் பற்றி.


பதில் 1: பழைய இசைத்தட்டு (ஈப்போ)

தம்பி, உங்கள் காதில் கோளாறு ஒன்றுமில்லை. அந்த 1969ஆம் ஆண்டுப் பதிவைப் பற்றி உங்களைவிடக் கடுமையாகப் பேசியவர் அதில் பியானோ வாசித்த ரிக்டரே. கராயனும் ரஸ்ட்ரபோவிச்சும் ஒரு பக்கம், தானும் ஓய்ஸ்ட்ராக்கும் மறுபக்கம் என்று பதிவின்போதே பிளவு ஏற்பட்டதாகவும், இரண்டாம் பகுதியின் வேகம் தனக்கு உடன்பாடில்லை என்றும், இன்னொரு முறை வாசித்துப் பார்க்கலாம் என்று தான் கேட்டபோது புகைப்படம் எடுக்க வேண்டும், நேரமில்லை என்று கராயன் மறுத்துவிட்டார் என்றும் அவர் தம் முதுமையில் மனம்விட்டுச் சொல்லியிருக்கிறார். நீங்கள் குறிப்பிட்ட அந்தச் சிரிப்பு அப்படி எடுத்த படத்தில் உள்ள சிரிப்பு. ரிக்டருக்கு அந்த உறையைப் பார்க்கவே பிடிக்காது.

ஆனால் ஒரு பியானோக்காரரின் மனக்குறையை வைத்துக்கொண்டு மட்டும் இதற்கு விடை காண முடியாது. படைப்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்தால்தான் விளங்கும். பீத்தோவன் இதை 1803, 1804ஆம் ஆண்டுகளில் எழுதினார். மூன்று பகுதிகளிலும் முதலில் வாய் திறப்பது செல்லோதான். முதல் பகுதியில் இசைக்குழுவின் நீண்ட முன்னுரை முடிந்ததும் செல்லோ தனியாக நுழைகிறது; அது சொன்னதை வயலின் வாங்கித் தன் குரலில் சொல்கிறது; அதன் பிறகே பியானோ வருகிறது. இரண்டாம் பகுதியின் பாட்டையும் செல்லோவே தொடங்குகிறது. அந்தப் பகுதி இடைவெளியின்றிச் சென்று சேரும் இறுதிப் பகுதியின் நடன மெட்டும் செல்லோவில்தான் பிறக்கிறது. ஆகவே இந்தக் கன்செர்ட்டோவில் வயலின்காரர் பெரும்பாலான இடங்களில் ‘இரண்டாவதாகப் பேசுகிறவர்’. பக்கவாத்தியம் வாசிக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பாடகர் ஒரு சங்கதியைப் போட்டு நிறுத்தியதும், அதே சங்கதியை நீங்கள் எந்த அளவுக்கு அவருடைய வளைவோடும் அழுத்தத்தோடும் திருப்பிக் கொடுக்கிறீர்கள், எந்த இடத்தில் உங்கள் சொந்தச் சரக்கைச் சேர்க்கிறீர்கள் என்பதில்தானே பக்கவாத்தியக்காரரின் தரம் தெரியும்?

இப்போது 1958ஆம் ஆண்டுத் தட்டுக்கு வாருங்கள். ஓய்ஸ்ட்ராக், ஓபோரின், க்னுஷெவிட்ஸ்கி ஆகிய மூவரும் அந்தப் பதிவுக்காக அழைத்துக் கூட்டப்பட்டவர்கள் அல்லர். 1940களின் தொடக்கத்திலிருந்தே ஒரே மூவர் குழுவாக வாசித்துவந்தவர்கள். 1963இல் க்னுஷெவிட்ஸ்கி இறக்கும்வரை அந்தக் குழு நீடித்தது. பீத்தோவனின் ‘ஆர்ச்டியூக்’ மூவரிசையையும் (இசைக்குழு இல்லாமல் இந்த மூன்று வாத்தியங்கள் மட்டும் வாசிப்பது) அவர்கள் அதே 1958இல் பதிவு செய்தார்கள். ஓபோரின் சாதாரண ஆளல்லர். 1927இல் வார்சாவில் நடந்த முதல் ஷோப்பேன் போட்டியில் முதல் பரிசு பெற்றவர். க்னுஷெவிட்ஸ்கியின் பெயர் வெளியுலகில் பெரிதாகப் பரவவில்லை. ஆனால் அவருடைய செல்லோ ஒரு வாக்கியத்தை முடிக்கும் இடத்தில் ஓய்ஸ்ட்ராக்கின் வில் எப்படித் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். தொடக்கத்தில் அழுத்தமே இருக்காது. செல்லோ விட்ட ஒலியளவிலேயே வயலின் நுழைந்து, இரண்டு மூன்று சுரங்கள் கடந்த பிறகுதான் தன் நிறத்தைக் காட்டும். பதினைந்து இருபது ஆண்டுகள் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுப் பழகியவர்களுக்குத்தான் அது வரும். 1969இல் கூடிய மூவரும் ஒருவரோடு ஒருவர் இருவராக வாசித்தவர்களே என்றாலும், நிலையான மூவர் குழுவாக இருந்தவர்கள் அல்லர்.

அடுத்து எதைக் கேட்பது என்றால், நான் முதலில் கைகாட்டுவது பீத்தோவனின் பத்து வயலின் சொனாட்டாக்களை (வயலினும் பியானோவும் மட்டும் வாசிக்கும் படைப்புகள்) ஓய்ஸ்ட்ராக்கும் ஓபோரினும் 1962இல் பாரிசில் பதிவு செய்த தொகுதியை. பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்டது. நாம் ‘வயலின் சொனாட்டா’ என்று சொன்னாலும் பீத்தோவன் காலத்து அச்சுப் பிரதிகளில் பியானோவின் பெயர்தான் முன்னால் நிற்கும். வயலின் பின்னால் வரும். இதைப் பெயரளவு மரியாதை என்று நினைத்து, வயலினை முன்னே தள்ளிப் பியானோவைப் பாய்போல் விரித்துப் பதிவு செய்தவர்கள் உண்டு. ஓய்ஸ்ட்ராக் அப்படிச் செய்யவில்லை.

ஒரே ஓர் இடத்தை மட்டும் சொல்கிறேன். ஐந்தாம் சொனாட்டா, ‘வசந்தம்’ என்று பெயர் பெற்ற ஓபஸ் 24. தொடக்கத்தில் வயலின் மெட்டைப் பாட, பியானோ கீழே சலசலத்துக்கொண்டிருக்கும். பத்துத் தாள அளவுகள் கடந்ததும் பதினோராவது அளவில் அந்த மெட்டு முழுவதுமாகப் பியானோவின் கைக்குப் போய்விடும். இதுவரை பியானோ செய்துகொண்டிருந்த சலசலப்பை வயலின் ஏற்றுக்கொள்ளும். அந்த இடத்தில் ஓய்ஸ்ட்ராக் வில்லை எவ்வளவு இலேசாக்குகிறார் என்று கேளுங்கள். உலகமே போற்றும் ஒரு வயலின்காரர், மெட்டு தன்னிடம் இல்லாதபோது அறையின் ஓரத்துக்கு நகர்ந்து நிற்கிறார். ஆனால் ஒரு சுரம்கூட மங்கவில்லை. நான் அந்த இடத்தை எத்தனை முறை திருப்பிப் போட்டேன் என்று கணக்கில்லை, ஊசிதான் பாவம்.

அதன் பிறகு ஒன்பதாம் சொனாட்டாவான ‘குரோய்ட்சர்’. அதில் நியாயமே வேறு. ஏறத்தாழ ஒரு கன்செர்ட்டோவைப்போல் இருவரும் போட்டியிடும் பாணியில் எழுதப்பட்டது என்று பீத்தோவனே தலைப்பில் குறித்திருக்கிறார். மூவர் கன்செர்ட்டோவை எழுதத் தொடங்கிய அதே 1803இல் முடித்த படைப்பு அது. முதல் நான்கு அளவுகளில் வயலின் மட்டும், இரண்டு மூன்று தந்திகளை ஒருசேர மீட்டிக்கொண்டு, துணையே இல்லாமல் நிற்கிறது. பிறகு பியானோ பதில் சொல்கிறது. ‘வசந்த’த்தில் ஒதுங்கி நின்ற அதே மனிதர் இங்கே எப்படித் தோள் நிமிர்த்துகிறார் என்று பார்த்தால், உங்களுடைய இரண்டாவது கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். அவர் வேறுபட்டு ஒலிப்பது, எதிரே இருப்பவர் வேறுபடுவதால்.


பதில் 2: மாற்றுக்காது (கிள்ளான்)

ஈப்போ ஐயா எழுதியதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். ஆனால் 1969ஆம் ஆண்டுத் தட்டை இப்படிக் குப்பைக்கூடைக்கு அனுப்புவதை ஏற்கமாட்டேன். ரிக்டர் தம் பதிவுகள் பலவற்றின் மீதும் கடுமையாகவே இருந்தவர். அவர் பிடிக்கவில்லை என்று சொன்னவற்றையெல்லாம் நாம் கேட்காமல் விட்டால் நமக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்தத் தட்டின் இரண்டாம் பகுதியில் ரஸ்ட்ரபோவிச் செல்லோவின் மேல்தந்தியில் பாடுவதை, மேலே படித்த கதைகளை மறந்துவிட்டு ஒருமுறை கேளுங்கள். வேகம் தாழ்ந்ததுதான். ஆனால் தாழ்ந்த காலத்தில் ஒரு கீர்த்தனையைப் பாடுவது தவறென்று நம்மில் யாரும் சொல்வதில்லையே? பெர்லின் இசைக்குழுவின் தந்திவாத்தியங்கள் கீழே விரித்துக்கொடுக்கும் கம்பளமும் லண்டன் பதிவில் இல்லை.

இன்னொன்றும் உண்டு. அதே 1969ஆம் ஆண்டு மே மாதம், பெர்லின் பதிவுக்கு நான்கு மாதங்களுக்கு முன், ஓய்ஸ்ட்ராக்கும் ரஸ்ட்ரபோவிச்சும் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஜார்ஜ் ஸெல் நடத்த, பிராம்ஸின் இருவர் கன்செர்ட்டோவைப் பதிவு செய்தார்கள். அதைக் கேட்டுவிட்டு, இவர்கள் இருவரும் ஒருவரையொருவர் கேட்காதவர்கள் என்று யாராவது சொல்லட்டும். ஆகவே பெர்லினில் ஏதோ ஒட்டவில்லை என்றால், அது மூவர் குழுவாகப் பழகாததால் மட்டும் வந்த வினையல்ல என்பது என் கட்சி.


பதில் 3: செல்லோ கற்றவள் (தைப்பிங்)

கிள்ளான் நண்பர் பிராம்ஸைத் தொட்டுவிட்டதால் நான் அங்கிருந்தே தொடங்குகிறேன். சிறுவயதில் நான் செல்லோ கற்றவள். கைவிட்டு இருபது ஆண்டுகள் ஆகின்றன. எனவே வயலின் புகழ் பாடும் இந்த இடத்தில் கொஞ்சம் செல்லோவின் பக்கம் சாய்ந்து எழுதினால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பிராம்ஸின் இருவர் கன்செர்ட்டோ, ஓபஸ் 102, 1887இல் எழுதப்பட்டது. வயலின்காரரான யோவாக்கிமும் பிராம்ஸும் நெருங்கிய நண்பர்கள். யோவாக்கிமின் மணமுறிவில் பிராம்ஸ் மனைவியின் பக்கம் நின்றதால் அந்த நட்பு முறிந்தது. முறிந்த நட்பை ஒட்டவைக்க எழுதிய படைப்பு இது. ஓய்ஸ்ட்ராக் இதை ஒரு முறைக்கு மேல் பதிவு செய்தார். கிளீவ்லாந்துப் பதிவுக்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன், 1956இல், லண்டனில் ஃபில்ஹார்மோனியா இசைக்குழுவை அல்செயோ கல்லியேரா நடத்த, பிரெஞ்சுச் செல்லோக்காரரான பியேர் ஃபூர்னியேவுடன் வாசித்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டிய இடம் இரண்டாம் பகுதி. அங்கே வயலினும் செல்லோவும் ஒரே மெட்டை ஒரு ஸ்தாயி இடைவெளியில் சேர்ந்து பாடுகின்றன. ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்லும் விளையாட்டு இல்லை. ஒரே வாக்கியத்தை இருவரும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். நம் கோவில்களில் இரட்டை நாகசுரம் கேட்டவர்களுக்கு இதன் சிக்கல் தெரியும்: சுருதி ஒன்றாக இருந்தாலும் அசைவு ஒன்றாக இல்லாவிட்டால் காது கூசும்.

ஃபூர்னியேவின் வில் மெல்லியது, சற்றே ஒதுக்கமானது. அவரோடு வாசிக்கும்போது ஓய்ஸ்ட்ராக் தம் நடுக்கசைவை, அதாவது இடக்கை விரலின் அதிர்வை, குறுக்கிக்கொள்கிறார். ஒலி ஒடுங்கி நேராகிறது. ரஸ்ட்ரபோவிச்சோ வெள்ளம்போல் வருகிறவர். அவருக்கு எதிரே நின்றபோது ஓய்ஸ்ட்ராக்குக்கு அறுபது வயது. உடல்நலமும் முன்புபோல் இல்லை. ஆயினும் அதே மெட்டில் அவர் விரலசைவு அகலமாகி, இரண்டு வாத்தியங்களும் ஒரே தடிமனில் ஒலிக்கின்றன. இரண்டு பதிவுகளிலும் மெட்டை முதலில் வடிவமைப்பது செல்லோக்காரர், வயலின் அதற்கு இசைகிறது என்று நான் சொன்னால், செல்லோக்காரியின் அகம்பாவம் என்று சிரிக்காதீர்கள். இரண்டு தட்டுகளையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

இனி, பலர் கவனிக்காமல் விடும் ஒரு பதிவு. மொசார்ட் 1779இல் எழுதிய சின்ஃபோனியா கொன்செர்டான்டே, கே. 364 (கே. என்பது மொசார்ட் படைப்புகளின் பட்டியல் எண்). சிம்ஃபொனியின் உடலும் கன்செர்ட்டோவின் நாக்கும் கொண்ட இத்தகைய படைப்பில், தனிவாத்தியக்காரர்கள் இசைக்குழுவின் எதிரே நிற்பதைவிட அதனுள்ளிருந்தே எழுந்து வருகிறார்கள். இதில் தனிவாத்தியங்கள் வயலினும் வியோலாவும். 1963இல் டெக்கா நிறுவனத்துக்காக, கோன்ட்ராஷின் மாஸ்கோ ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை நடத்த, ஓய்ஸ்ட்ராக்கும் அவர் மகன் ஈகோரும் இதைப் பதிவு செய்தார்கள். அதில் வயலின் வாசித்தவர் மகன். தந்தை வியோலாவை எடுத்துக்கொண்டார்.

வியோலா நம்மூர்க் கச்சேரிகளில் அதிகம் காணாத வாத்தியம். வயலினைவிடச் சற்றுப் பெரிது, குரல் கம்மலானது, கூட்டத்தில் எளிதில் அமுங்கிப்போவது. மொசார்ட்டுக்கு அது தெரியும். ஆகவே படைப்பு ஈ பிளாட் மேஜரில், அதாவது ஈ பிளாட்டை ஆதார சுருதியாகக் கொண்ட சுர அமைப்பில், இருக்க, வியோலாவின் பங்கை மட்டும் அரைச்சுரம் கீழே, டி மேஜரில் எழுதி, வியோலாவின் தந்திகளை அரைச்சுரம் ஏற்றி இறுக்கிக்கொள்ளச் சொன்னார். தந்தி இறுகினால் குரல் பளிச்சிடும். டி மேஜரில் வெறுந்தந்திகள் கூடுதலாகப் பயன்படுவதால் முழக்கமும் கூடும். முதல் பகுதியில் இருவரும் நுழையும் இடத்தைக் கேளுங்கள்: இசைக்குழு தன் வாக்கியத்தை முடித்துக்கொண்டிருக்கும்போதே, ஒரே ஈ பிளாட் சுரத்தை ஒரு ஸ்தாயி இடைவெளியில் பிடித்தபடி இரண்டு வாத்தியங்களும் எழும்பும். எப்போது தொடங்கினார்கள் என்று சொல்ல முடியாது. மேலே மகன், கீழே தந்தை. அதன் பின் வரும் பல வாக்கியங்களை மகன் சொல்லத் தந்தை வழிமொழிகிறார். அந்தத் தட்டிலேயே மொசார்ட்டின் வயலின், வியோலா இருவரிசையும், கே. 423, உண்டு, துணைக்கு யாருமில்லாமல் அப்பாவும் பிள்ளையும் மட்டும்.

இதே இருவர் 1961இல் யூஜின் கூஸன்ஸ் நடத்த, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இரட்டை வயலின் கன்செர்ட்டோவையும் வாசித்திருக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு மொசார்ட்டுக்கு அடுத்தபடிதான்.

தனி வயலினும் இசைக்குழுவும் கொண்ட சிறு படைப்புகளும் வேண்டுமென்றால், 1955இல் பாஸ்டன் இசைக்குழுவோடு சார்ல் மூன்ஷ் நடத்தப் பதிவு செய்த ஷோசோனின் ‘போயெம்’ இருக்கிறது. ஷோசோன் அதை ஈசாய் என்ற பெல்ஜிய வயலின் மேதைக்குக் காணிக்கையாக்கினார். அந்த ஈசாயின் பெயரால் 1937இல் பிரசல்ஸில் நடந்த போட்டியில்தான் ஓய்ஸ்ட்ராக் முதல் பரிசு பெற்று வெளியுலகுக்குத் தெரியவந்தார். ஆனால் தம்பி, நீங்கள் பிறரோடு சேர்ந்து வாசித்தவற்றைத்தானே கேட்டீர்கள். எனவே இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.


பதில் 4: ஓய்வுபெற்ற கிராணி (பீடோர்)

இசை விமர்சனத்தில் நான் தலையிடவில்லை. அதற்குத் தகுந்தவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் பல ஆண்டுகள் தோட்டத்து வீட்டில் கிடந்த கருவி என்று தம்பி எழுதியிருப்பதைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தேகம். சுழல்மேசையை இழுக்கும் ரப்பர் வார் நம்மூர்ப் புழுக்கத்தில் தளர்ந்துபோகும். தளர்ந்தால் தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுற்றாது; மெதுவாகச் சுற்றும்; வேகமும் குறையும், சுருதியும் இறங்கும். ஏறத்தாழ ஆறு விழுக்காடு குறைந்தாலே அரைச்சுரம் போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்க வயலின்காரரான உங்களுக்கு எந்தக் கருவியும் வேண்டாம். மூவர் கன்செர்ட்டோ சி மேஜரில் அமைந்தது; சி என்பது நம் கணக்கில் ஒரு கட்டை. சுருதிப் பெட்டியை ஒரு கட்டையில் வைத்துக்கொண்டு, இறுதிப் பகுதி முடியும் இடத்தைப் போட்டுப் பாருங்கள். முழுக்கவும் நூல் பிடித்தாற்போல் நிற்காது. இசைக்குழுக்களுக்குள் சுருதி சற்று ஏறி இறங்கும். ஆனால் கால் கட்டை, அரைக் கட்டை இறங்கியிருந்தால் குற்றம் வாரில்தான். கராயன் மேல் பழி போட வேண்டாம்.

தட்டில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருந்தால் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மென்துணியால், வரிகள் ஓடும் திசையிலேயே சுற்றித் துடையுங்கள், குறுக்கே துடைக்காதீர்கள். நடுவில் உள்ள காகிதம் நனையக் கூடாது. வெயிலில் காயவைக்க வேண்டாம்; தட்டு அப்பளமாகிவிடும். நான் அப்படி இரண்டு தட்டுகளை இழந்தவன்.


பதில் 5: பழைய இசைத்தட்டு (ஈப்போ)

கிள்ளான் நண்பருக்கு: கிளீவ்லாந்துப் பதிவைச் சொல்லி என்னை மடக்கிவிட்டீர்கள், ஒப்புக்கொள்கிறேன். இருவர் ஒத்துப்போவதற்கும் மூவர் ஒத்துப்போவதற்கும் இடையே ஒரு பெரும் பள்ளம் இருக்கிறது என்று மட்டும் முணுமுணுத்துக்கொள்கிறேன்.

விட்டுப்போனவற்றில் இரண்டைச் சேர்க்க வேண்டும். ஒன்று, ஷொஸ்டகோவிச்சின் இரண்டாம் மூவரிசை, ஓபஸ் 67. தம் நண்பர் சொல்லர்டின்ஸ்கியின் நினைவாக 1944இல் எழுதியது. அதைப் பிராகில் பதிவு செய்தபோது பியானோ வாசித்தவர் ஷொஸ்டகோவிச்சே. செல்லோ மிலோஷ் சாட்லோ, வயலின் ஓய்ஸ்ட்ராக். தொடக்கத்தில் மிக உயரத்தில், விசில்போல் ஒரு மெல்லிய குரல் கேட்கும். வயலின் என்று நினைப்பீர்கள், அது செல்லோ. வயலின் அதற்குக் கீழே வருகிறது. பழைய பதிவு, இரைச்சல் உண்டு; ஆனால் எழுதியவரே இருந்து வாசிப்பதைக் கேட்க இரைச்சல் தடையாகாது.

மற்றொன்று, புரொகோஃபியெவின் முதல் வயலின் சொனாட்டா, ஓபஸ் 80. 1946இல் ஓய்ஸ்ட்ராக்கும் ஓபோரினும்தான் முதன்முதலில் அரங்கேற்றினார்கள். முதல் பகுதியின் இறுதியில் வயலின் ஒலியடக்கியைப் பொருத்திக்கொண்டு, மேலும் கீழுமாக விரைந்து ஓடும் சுரவரிசைகளை வாசிக்கும். இடுகாட்டில் வீசும் காற்று என்று புரொகோஃபியெவ் அதற்கு விளக்கம் சொன்னார். 1953இல் அவருடைய இறுதிச் சடங்கில் ஓய்ஸ்ட்ராக் வாசித்தது இந்தச் சொனாட்டாவின் முதல், மூன்றாம் பகுதிகளை. 1972இல் சால்ஸ்பர்க்கில் ரிக்டருடன் இதை மேடையில் வாசித்த பதிவு கிடைக்கிறது. அந்தச் சுரவரிசைகள் ஓடும்போது மெட்டு பியானோவில் இருக்கிறது. வயலின் வெறும் காற்று. ‘வசந்த’த்தின் பதினோராவது அளவை நினைத்துக்கொண்டு கேளுங்கள்.


பதில் 6: கித்தாக்காட்டு வயலின் (சுங்கை சிப்புட்)

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன். காரணம் பீடோர் ஐயா.

சுருதிப் பெட்டியை ஒரு கட்டையில் வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய அரைக் கட்டை இறக்கம். இரண்டு தட்டுகளிலும் அப்படியே. வாரை வெளியே எடுத்தபோது அது பழைய ஒட்டுப்பால்போல் இழுபட்டுத் தொங்கியது. புது வாரை இணையத்தில் ஒரு கடையில் வாங்கினேன்; முதல் முறை அளவு தவறி வந்தது, திருப்பி அனுப்பி ஒரு வாரம் காத்திருந்தேன். மாற்றிய பின் மறுபடியும் இரண்டு பதிவுகளையும் கேட்டேன். என் பழைய புகாரில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மெதுவாகச் சுற்றியதில் 1969ஆம் ஆண்டுத் தட்டின் இரண்டாம் பகுதி, ஏற்கெனவே தாழ்ந்த காலம் என்று நீங்கள் எல்லோரும் சொல்லும் பகுதி, எனக்கு நடக்கவே முடியாத ஊர்வலம்போல் கேட்டிருக்கிறது. இப்போது அது நடக்கிறது. கிள்ளான் அண்ணன் சொன்ன மேல்தந்திப் பாட்டும் இப்போதுதான் புரிகிறது. ஆனாலும் முதல் பகுதியில் செல்லோவிடமிருந்து வயலின் வாங்கும் இடத்தில் இன்னும் எனக்கு 1958தான். பெர்லின் தட்டில் ஓய்ஸ்ட்ராக் அந்த வாக்கியத்தைச் சுருக்கென்று, புதிதாகத் தொடங்குகிறார். லண்டன் தட்டில் பாதியில் வந்து சேர்ந்துகொள்கிறார். நான்கு முறை ஊசியைத் தூக்கி வைத்துச் சரிபார்த்தேன்.

‘வசந்தம்’ சொனாட்டாவைக் கைப்பேசியில் கேட்டேன். ஈப்போ ஐயா சொன்ன பதினோராவது அளவை எண்ணத் தெரியாமல், மெட்டு கைமாறும் இடத்தை வைத்துப் பிடித்துவிட்டேன். சென்ற வெள்ளிக்கிழமை பஜனையில் பாடகர் சரணத்தில் இழுத்து நின்றபோது நான் வழக்கம்போல் முழு வில்லையும் போடாமல் வில்லின் நுனியால் வாசித்துப் பார்த்தேன். பாடகர் திரும்பிப் பார்த்தார். என் தந்தி அறுந்துவிட்டதோ என்று நினைத்தாராம்.

தைப்பிங் அக்காவுக்கு ஒரு வேண்டுகோள். மொசார்ட் தட்டு பெட்டியில் இல்லை. ஆனால் ஃபூர்னியேவுடன் வாசித்த பிராம்ஸ், உறை கிழிந்த நிலையில், அடியில் இருந்து கிடைத்தது. துடைத்துவிட்டேன், வரிகளின் திசையிலேயே. உங்களிடம் மொசார்ட் தட்டு இருந்தால், இந்த மாதக் கடைசி ஞாயிறு நான் தைப்பிங் வருகிறேன். இதை அங்கே விட்டுவிட்டு அதைக் கேட்டுவிட்டு வருகிறேன்.